மலருக்கும் ஒரு மீஸான்: இஸ்தான்பூல் துலிப்பின் அழகியல்

மலர் அழகானது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதில்லை. ஆயின், ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மலர்களை அருகருகே வைத்து, இது நிறைவுடையது, அது குறையுடையது எனத் தீர்ப்புக் கூற முடியுமா? கூறுவதாயின் எந்த அளவுகோலைக் கொண்டு கூறுவது? இவ்வினாக்களுக்கு விடை தேடி, அவ்விடைகளை நூலாகவும் எழுதிவைத்த ஒரு சமூகம் முஸ்லிம் உலகில் இருந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சுல்தான் மூன்றாம் அஹ்மதின் ஆட்சிக் காலத்தில் (1703–1730), இஸ்தான்பூலில் அரண்மனையின் தலைமை மலர் வல்லுநராக விளங்கிய ஷைக் முஹம்மத் லாலேஸாரி எழுதிய நூலின் பெயர் 'மீஸானுல் அஸ்ஹார்'. அதாவது 'மலர்களின் துலாக்கோல்'. துலிப், நர்கிஸ் ஆகிய இரு மலர்களின் வளர்ப்பு முறைகளையும் சிறப்பியல்புகளையும் அது விளக்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிச் ஃபிரீட்ரிச் ஃபொன் டீட்ஸ் 1815இல் அதனைத் தம் மொழியில் பெயர்த்து வெளியிட்டார்.

இந்நூல் இதுவரை பெரும்பாலும் தோட்டக்கலைக் கையேடாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. அதனை ஒரு திறனாய்வு நூலாகக் கொண்டு, அது போற்றிய மலரின் அழகைப் புரிந்துகொள்ள முயல்வதே இங்கு நமது நோக்கம். அழகுணர்வை ஆடம்பரத்தின் மறுபெயராகக் கருதும் போக்கு நமது சமூகத்தில் வேரூன்றியிருக்கும் நிலையில், இம்முயற்சி வெறும் வரலாற்று ஆர்வத்தோடு நின்றுவிடுவதன்று.

மலையிலிருந்து மாநகருக்கு

துலிப் என்றவுடன் ஒல்லாந்து தேசமே நினைவுக்கு வருகிறது. உண்மையில் தியென்ஷான், பாமிர் மலைத்தொடர்களை உள்ளடக்கிய மத்திய ஆசியாவே இம்மலரினத்தின் செழிப்பான தாயகம். காபூலை அடுத்த மலைச்சரிவுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைத் துலிப்புகளைத் தாம் எண்ணச் செய்ததாகப் பேரரசர் பாபர் தமது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். பாரசீகரும் துருக்கியரும் இதனை 'லாலே' என அழைத்தனர். அரபு எழுத்தில் லாம், அலிஃப், லாம், ஹே என எழுதப்படும் இச்சொல், அல்லாஹ் என்னும் திருநாமத்தில் வரும் அதே எழுத்துகளைக் கொண்டது. பிறையைக் குறிக்கும் 'ஹிலால்' என்னும் சொல்லும் அவ்வாறே. அப்ஜத் கணக்கில் இம்மூன்றின் பெறுமதியும் 66 ஆகும். உஸ்மானியர் இம்மலரின்பால் தனிப் பற்றுக் கொண்டமைக்கு இந்த ஒப்புமையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1560களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஸினான் எழுப்பிய ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் சுவர்களைப் போர்த்தியிருக்கும் இஸ்னிக் ஓடுகளில் துலிப் பல்வேறு வடிவங்களில் மலர்ந்திருப்பதை இன்றும் காணலாம்.

ஐரோப்பாவுக்கு இம்மலர் சென்றது உஸ்மானிய நிலப்பரப்பின் ஊடாகவே. 1559இல் ஆக்ஸ்பர்க் நகரத் தோட்டமொன்றில் பூத்த துலிப்பை இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் கண்டு விவரித்தார். 1593இல் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் குளூசியஸ் அதன் கிழங்குகளை நட்டார். இவ்வாறு ஒரே மூலத்திலிருந்து பிரிந்த மலர், ஈரிடங்களில் ஈர் அழகியல்களுக்கு உட்பட்டு, காலப்போக்கில் ஒன்றையொன்று அடையாளம் காண முடியாத அளவுக்கு வேறுபட்ட வடிவங்களைப் பெற்றது. நாம் இன்று கடைகளிலும் நாட்காட்டிகளிலும் காணும் பருத்த கிண்ணம் போன்ற வடிவம் ஒல்லாந்து வளர்ப்பின் விளைவு. இஸ்தான்பூல் விரும்பியதோ முற்றிலும் வேறான ஒன்றை.

துலாக்கோலின் நியதிகள்

இஸ்தான்பூல் துலிப் ஒடுங்கி நீண்டது. ஆறு இதழ்கள், வெளியே மூன்று, உள்ளே மூன்று. அடியில் வாதுமைப் பருப்பைப் போலச் சற்றே அகன்று, பின் குறுவாளைப் போல மெலிந்து, இறுதியில் ஊசி முனையாக முடிவுறும். லாலேஸாரியும் அவர் காலத்து மலர் வல்லுநர்களும் ஏற்றுக்கொண்ட நியதிகளைச் சுருக்கிக் கூறுவதாயின்: இதழ்கள் ஆறும் நீளத்திலும் அகலத்திலும் ஒத்திருத்தல் வேண்டும். அவை வழுவழுப்பும் உறுதியும் உடையனவாய், இடைவெளியின்றி ஒன்றோடொன்று அணைந்து நிற்றல் வேண்டும். மகரந்தக் காம்புகள் வெளித்தெரிதல் ஆகாது. மலர் நிமிர்ந்து நிற்றல் வேண்டும். அதனைத் தாங்கும் தண்டு நீண்டும் வலுவாகவும் இருத்தல் வேண்டும். தனது மகரந்தம் சிந்தித் தானே மாசுபட்ட மலர் குறையுடையது.

இந்நியதிகளை ஊன்றி நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. அளவிற் பெரிய மலரே சிறந்தது என்றோ, கண்ணைப் பறிக்கும் நிறமே உயர்ந்தது என்றோ இவை கூறவில்லை. ஒடுக்கம், ஒத்திசைவு, நிமிர்வு, தூய்மை என்பனவே இங்கு அளக்கப்படுகின்றன. மலரின் உள்ளுறுப்பு மறைந்திருக்க வேண்டும் என்னும் நியதியில் ஒருவகை நாணமும் தொனிக்கிறது. உஸ்மானியர் இம்மலரை ரசித்த விதமும் இதற்கு இயைந்ததாகவே இருந்தது. 'லாலேதான்' எனப்படும் ஒடுங்கிய கழுத்துடைய சிறு கண்ணாடிக் கலத்தில் ஒரேயொரு மலரை வைத்துப் பார்ப்பது அவர்களது வழக்கம். கூட்டமாய் நின்று வண்ணப் பரப்பாகத் தோன்றும் மலரில் தனி மலரின் கோடு மறைந்துவிடுகிறது. தனித்து நிற்கும்போதுதான் தண்டு எவ்வாறு எழுகிறது, இதழ் எவ்விடத்தில் ஒடுங்கத் தொடங்குகிறது, முனை எங்கே முடிகிறது என்பதைக் கண் பின்தொடர முடிகிறது.

எழுத்தணிக் கலையின் சாயல்

இத்தகைய பார்வை எங்கிருந்து வந்தது? அரபு எழுத்தணிக் கலையை அறிந்தோருக்கு இதற்கான விடை தொலைவில் இல்லை. 940இல் மறைந்த பக்தாத் வஸீர் இப்னு முக்லா, நாணற் பேனாவின் நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார் என்பது கலை வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, ஏனைய எழுத்துகளின் வளைவு அந்த அலிஃபை ஒட்டி இவ்வளவு என அங்கு ஒவ்வொன்றுக்கும் அளவுண்டு. அந்த அளவுகளைப் பல்லாண்டுகள் பயின்ற பின்னரே ஒருவர் எழுத்தின் அழகைக் குறித்துப் பேசும் தகுதியைப் பெற்றார்.

மூன்றாம் அஹ்மத் தாமே ஓர் எழுத்தணிக் கலைஞர். தோப்காபி அரண்மனை வாயிலருகே 1728இல் அமைக்கப்பட்ட அவரது நீரூற்று மண்டபத்தில் எழுத்தணியும் மலர்ச் சாடிகளின் புடைப்புச் சிற்பங்களும் பக்கம் பக்கமாக இடம்பெற்றுள்ளன. ஒரே கை, ஒரே கண் இரண்டையும் அளந்தன எனக் கொள்வது பொருத்தமானதே. நிமிர்ந்த தண்டும் அதன்மேல் கூர்ந்தெழும் ஆறு இதழ்களும் ஆறு அலிஃப்களாகவே அக்கண்ணுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வண்ணத்தை விடக் கோட்டுக்கு முதன்மை தரும் ஓர் அழகியல் மலருக்கும் நீட்டிக்கப்பட்டபோது பிறந்ததே இஸ்தான்பூல் துலிப் என்பது நமது கருத்து.

ஐரோப்பிய மலர்க் கழகங்களின் அளவுகோலை இதனோடு ஒப்பிடுவது பயன் தரும். 1836இல் தோற்றம் பெற்று இன்றும் இயங்கிவரும் இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் துலிப் சங்கம் பேணும் மரபில், குடைந்தெடுத்த பந்தின் பாதியைப் போன்று மலர் அமைதல் வேண்டும். இதழின் விளிம்பு கூரின்றி வட்டமாதல் வேண்டும். அடிப்பகுதி மாசற்ற வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருத்தல் வேண்டும். அவர்களும் பழுப்புநிறப் போத்தல்களில் மலர்களைத் தனித்தனியே வைத்தே மதிப்பிடுகின்றனர். ஆக, அங்கும் ஒரு மீஸான் உண்டு. ஆனால் அது வட்டத்தின் மீஸான்; இது கூர்கோட்டின் மீஸான். இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதத்தில் நமக்கு அக்கறையில்லை. ஆங்கிலேயரின் அளவுகோலைக் கொண்டு இஸ்தான்பூல் மலரை அளந்தால் அது வற்றி மெலிந்த மலராகத் தெரியும் என்பதையும், நம்மிற் பலர் அறியாமலேயே அந்த அளவுகோலுடன்தான் மலரைப் பார்க்கிறோம் என்பதையும் உணர்ந்துகொண்டால் போதுமானது.

எஞ்சி நிற்கும் ஒரு மலர்

நூற்றுக்கணக்கான பெயர்களுடன் பதிவேடுகளில் இடம்பெற்ற இஸ்தான்பூல் துலிப்புகள் இன்று இல்லை. விதையிலிருந்து ஒரு துலிப் பூப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். அவ்வாறு தேர்ந்தெடுத்த வகையை ஆண்டுதோறும் கிழங்கெடுத்துப் பேணும் கை ஓய்ந்துவிட்டால், சில தலைமுறைகளில் அவ்வகை மறைந்துபோகும். அக்காலத்தில் தீட்டப்பட்ட ஓவியத் தொகுப்புகளே அவற்றின் சாட்சிகளாக உள்ளன.

எனினும் அந்த வடிவத்தை நினைவூட்டும் மலரொன்று தோட்டங்களில் எஞ்சியிருக்கிறது. தாவரவியலாளர் அதனை 'துலிப்பா அக்யுமினாட்டா' என அழைக்கின்றனர். 'கொம்புத் துலிப்' என்பது அதன் வழக்குப் பெயர். 1813இல் கோபன்ஹேகன் தாவரவியல் தோட்டத்தின் விவரப் பட்டியலில் ஹோர்னமான் இப்பெயரை வெளியிட்டார். இதுவரை எந்த மலையிலும் காட்டிலும் இது இயற்கையாக வளர்ந்திருக்கக் காணப்படவில்லை. ஆதலால் இது தோட்டத்தில் மனிதக் கையால் உருவானது என்றே கருதப்படுகிறது. பழைய இஸ்தான்பூல் துலிப்புகளின் சாயலை உயிருடன் காட்டும் மலர் எனத் துலிப் வரலாற்றை எழுதியோர் இதனைச் சுட்டுவதுண்டு.

அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், வசந்தத்தின் பிற்பகுதியில் இது பூக்கிறது. மஞ்சள் நிறத்தின் மீது செந்நிறக் கீற்றுகள் ஓடும் இதழ்கள் மிக ஒடுங்கியவை. மேலே செல்லச் செல்ல நூலாக மெலிந்து, முனையில் முறுக்கிக்கொள்ளும். மொட்டாக இருக்கையில் அணைந்து எரியும் சுடர் போன்றிருக்கும் மலர், வெயில் ஏறியதும் இதழ்களைத் தனித்தனியே விரித்துவிடுகிறது. தமிழ் வாசகர் இதனைக் கற்பனை செய்துகொள்ளச் செங்காந்தள் துணைபுரியும். முன்னர் காந்தளும் துலிப்பும் அல்லிக் குடும்பம் என்னும் ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. இன்றைய வகைப்பாட்டில் குடும்பம் பிரிந்தாலும் வரிசை ஒன்றே. காந்தளின் இதழ்களும் ஒடுங்கியவை, மஞ்சளும் சிவப்பும் கலந்தவை, தீக்கொழுந்தென நெளிபவை. காந்தளில் அவை பின்னோக்கி மடிந்து மேலெழ, கொம்புத் துலிப்பில் கிண்ணத்திலிருந்தே நேராக எழுகின்றன.

இந்த மலரை லாலேஸாரியின் துலாக்கோலில் வைத்தால் என்னவாகும்? தண்டு தேறிவிடும். நிமிர்வு தேறிவிடும். ஊசி முனை வேண்டும் என்ற நியதி, வேண்டிய அளவுக்கு மேலாகவே நிறைவேறும். ஆயின் இதழ்கள் அணைந்திருக்க வேண்டும் என்னும் நியதியில் அது தோற்கிறது. வெயிலில் விரிந்ததும் மகரந்தக் காம்புகள் வெளிப்படுகின்றன, அங்கும் தோல்வி. முறுக்கிய முனைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதில்லை; அங்கும் தோல்வியே. மீஸானின்படி இது நிராகரிக்கப்பட வேண்டிய மலர்.

ஆனாலும் கண் இதனை விட்டகல மறுக்கிறது. காரணம் யாது? இஸ்தான்பூலின் அளவுகோல் அமைதியுற்ற கோட்டை அளப்பது. கொம்புத் துலிப்பின் கோடோ அசைவுடையது. இரண்டும் கோட்டின் அழகே. நஸ்க் எழுத்தில் பயின்ற கண், தஃலீக் எழுத்தின் சாய்வையும் வீச்சையும் பின்னர் வியந்து ரசிப்பதைப் போன்றதே இதுவும். இங்கு கவனிக்க வேண்டியது, மீஸானை அறியாத கண்ணுக்கு இம்மலர் வாடிய துலிப்பாகவே தெரியும் என்பதாகும். இதழின் மெலிவை நோக்கப் பழகிய கண்ணே இதன் முறுக்கில் உள்ள நயத்தையும் காண்கிறது. அளவுகோல் கண்ணைப் பயிற்றுகிறது. பயிற்சி பெற்ற கண் அவ்வளவுகோல் எதிர்பாராத ஓர் அழகையும் இனங்காணும் ஆற்றலைப் பெறுகிறது. நல்ல திறனாய்வின் பணியும் இதுவே எனலாம்.

குற்றம் மலருடையதா?

மூன்றாம் அஹ்மதின் ஆட்சியின் பிற்பகுதி 'லாலே தெவ்ரி', அதாவது 'துலிப் காலம்' எனப் பெயர் பெற்றுள்ளது. அக்கால மக்கள் அதனை அவ்வாறு அழைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கிய எழுத்தாளர் சூட்டிய பெயர் அது. 1722இல் ஸஃதாபாத் மாளிகை எழுந்தது. செல்வந்தரிடையே அரிய கிழங்குகளுக்கான போட்டி மிகுந்து, விலை கட்டுமீறியது. 'நீஸே-இ-ரும்மானி', அதாவது 'மாதுளை நிற ஈட்டி' என்னும் வகை விலைப் பதிவேடுகளில் உச்சியில் நின்றது. அரசு தலையிட்டுக் கிழங்குகளுக்கு விலை நிர்ணயிக்க நேர்ந்தது. அதே வேளை ஈரான் போரில் இழப்புகள், வரிச்சுமை, வாழ்க்கைச் செலவு ஆகியவற்றால் நகர மக்கள் வருந்தினர். 1730 செப்டம்பரில் பத்ரோனா ஹலீலின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. சத்ரே அஃழம் இப்றாஹீம் பாஷா கொல்லப்பட்டார். சுல்தான் அரியணை துறந்தார். ஸஃதாபாத்தின் மண்டபங்கள் சூறையாடப்பட்டன.

இந்நிகழ்வுகளைக் கொண்டு, மலர்மீது கொண்ட மோகமே ஓர் ஆட்சியை வீழ்த்தியது எனச் சிலர் எழுதிவிடுகின்றனர். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. முதலாவதாக, அதே காலம் இப்றாஹீம் முதஃபர்ரிகாவின் அச்சுக்கூடத்தையும் தந்தது. 1729இல் அங்கிருந்து முதல் நூல் வெளிவந்தது. அண்மைக்கால வரலாற்றாய்வாளர் சிலரும் 'கேளிக்கைக் காலம்' என்னும் சித்திரத்தை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். இரண்டாவதாக, துலிப் மீதான நாட்டம் அரண்மனைச் செல்வத்துடன் பிறந்ததன்று. 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ்ஸுஊத் அஃபந்தி, குர்ஆன் விரிவுரையாளராகவும் சட்ட அறிஞராகவும் நாம் நன்கறிந்தவர். 'நூர்-இ-அத்ன்', 'சுவனத்தின் ஒளி' எனப் பெயரிய துலிப் வகையை அவரோடு இணைத்தே உஸ்மானிய மலர் நூல் மரபு பேசுகிறது. பத்வா எழுதிய கைக்கு மலர் வளர்ப்பது இஸ்ராப் ஆகத் தோன்றவில்லை.

மூன்றாவதாக, விலைவெறி ஏற்படும்போது முதலில் கைவிடப்படுவது அழகைப் பற்றிய தீர்ப்பே. ஒல்லாந்தில் 1637 பெப்ரவரியில் சரிந்த துலிப் வணிகம் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கு அதிக விலை பெற்ற கீற்று மலர்களின் வண்ணக் கோலம், செடிப்பேன்கள் பரப்பும் வைரஸ் நோயின் விளைவு என்பது 1920களின் பிற்பகுதிக்குப் பின்னரே தெளிவாயிற்று. வாங்கியவர் பலர் பூவைக் கண்ணால் பார்க்கவே இல்லை. மண்ணுக்குள் இருந்த கிழங்கின் பத்திரமே கைமாறியது. இஸ்தான்பூலில் நிலைமை அவ்வளவுக்கு முற்றவில்லை. ஆயினும் மலரின் தகுதியைக் கண் அளந்த இடத்தில் பணம் அளக்கத் தொடங்கியது அங்கும் நிகழ்ந்ததே.

லாலேஸாரியின் நூலில் நாம் காணும் ஒரு போதாமையும் இவ்விடத்தில் உள்ளது. மலரின் ஒவ்வோர் இதழையும் நிறுத்த அவரது துலாக்கோல், அம்மலரை வைத்திருப்பவனை நிறுக்க முற்படவில்லை. 'மீஸான்' என்னும் சொல்லைக் கேட்கும் முஸ்லிம் வாசகருக்கு சூறா அர்ரஹ்மானின் தொடக்கம் நினைவுக்கு வராதிருக்க முடியாது. அங்கு வானத்தின் உயர்வைத் தொடர்ந்து மீஸான் பேசப்படுகிறது. நிறுவையில் நீதி வற்புறுத்தப்படுகிறது. அதனையடுத்தே பூமியின் கனிகளும் உமியுடைய தானியமும் நறுமணத் தாவரமும் நினைவூட்டப்படுகின்றன. படைப்பின் எழிலும் சந்தையின் நேர்மையும் ஒரே துலாக்கோலின் கீழ் வருகின்றன. அரண்மனைத் தோட்டம் அவற்றுள் முன்னையதை மட்டும் நுணுகி அளந்து, பின்னையதைக் கைவிட்டது. 1730இன் கிளர்ச்சி தண்டித்தது இந்தக் கைவிடலையே அன்றி, மலரை ரசித்த கண்ணையன்று.

இன்றைய இஸ்தான்பூலில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஏப்ரலில் துலிப் விழா நடைபெற்று வருகிறது. எமிர்கான் பூங்காவிலும் சாலையோரங்களிலும் இலட்சக்கணக்கான துலிப்புகள் மலர்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஒல்லாந்து வடிவத்தை உடைய, பருத்து உருண்ட மலர்கள். நகரின் பழைய மீஸான் நகரின் சொந்த விழாவிலேயே மறக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. பொதுமக்கள் அனைவரும் கட்டணமின்றிக் கண்டு மகிழும் விழா என்ற வகையில் அது அரண்மனைத் தோட்டத்தை விட நீதியானது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இலட்சம் மலர்களைக் கடந்து செல்லும் கண், ஒரு மலரையேனும் நின்று பார்க்கிறதா என்பது வேறு வினா.

கொம்புத் துலிப்பின் கிழங்கு இன்று மேலை நாட்டு விதை வணிகரிடம் சாதாரண விலைக்கே கிடைக்கிறது. அதனைப் பெற எவரும் வீட்டை விற்க வேண்டியதில்லை. எந்த அரசும் அதற்கு விலை வரம்பு விதிக்க வேண்டியதில்லை. பட்டமும் பதிவேடும் இழந்த அம்மலரிடம் இப்போது எஞ்சியிருப்பது ஆறு இதழ்களின் கோடு மட்டுமே. அதனை ஒடுங்கிய கழுத்துடைய கலமொன்றில் தனியே வைத்து, தண்டிலிருந்து முனைவரை கண்ணால் ஒருமுறை பின்தொடர்பவர், லாலேஸாரி எதனை அளந்தார் என்பதை நூலின் துணையின்றியே புரிந்துகொள்வார்.